'மாலை' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு: கணினி வழி இலக்கிய ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த மென்பொருளை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்பது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். மென்பொருள் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். பாடலைக் கணினி தேடக்கூடிய வடிவில் தயார் செய்வதற்குத்தான் வாரங்கள், மாதங்கள் ஆகும். சங்கப் பாடல் என்றால் அந்தத் தயாரிப்பே ஆய்வில் பாதி.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து தரவை வெளியிடும் நாள் வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். உங்கள் கேள்வி வேறாக இருக்கலாம். வழி ஏறக்குறைய இதுதான். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண மடிக்கணினி, இணைய இணைப்பு, நல்ல உரை நூல் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் கேள்வி

இத்தாலியைச் சேர்ந்த ராபர்ட்டோ பூசா என்ற பாதிரியார், இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்வினாஸின் லத்தீன் நூல்களில் 'இருத்தல்' என்ற கருத்தைத் தேடிப் போனார். அதற்கு 'உள்' என்று பொருள்படும் ஒரு சின்னஞ்சிறு லத்தீன் முன்னிடைச் சொல்லைப் பின்தொடர வேண்டியிருந்தது. அந்தச் சொல் வரும் வாக்கியங்களைக் கையாலேயே சுமார் 10,000 அட்டைகளில் எழுதினார். அதற்குப் பிறகுதான் 1949இல் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைப் போய்ப் பார்த்து இயந்திர உதவி கேட்டார். அவருடைய சொல்லடைவு 56 தொகுதிகளாக அச்சில் வந்து முடிய முப்பது ஆண்டுகள் பிடித்தன. கணினி வழி மொழி, இலக்கிய ஆய்வின் வரலாறு பெரும்பாலும் இவரிலிருந்துதான் சொல்லப்படுகிறது. இயந்திரத்திடம் போகும் முன்பே அவர் கையில் கேள்வி இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் கேள்விக்கு வருவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு சிறுபொழுது சொல்கிறது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். பொழுது ஒன்றோடொன்று மயங்கலாம், நிலம்தான் மயங்கக் கூடாது என்பதற்கும் இடம் கொடுக்கிறது. அப்படியானால் குறுந்தொகையில் மாலைப்பொழுது எந்தெந்தத் திணைப் பாடல்களில் வருகிறது? முல்லைக்கு வெளியே வரும்போது அங்கே அது என்ன வேலை செய்கிறது?

இந்தக் கேள்வியில் முதல் பாதி எண்ணிக்கை, இரண்டாம் பாதி வாசிப்பு. அப்படிப்பட்ட கேள்வியாகத் தேர்ந்தெடுங்கள். வெறும் எண்ணிக்கையில் முடியும் கேள்விக்கு விடை கிடைத்தாலும், அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். அளவும் முக்கியம். சங்க இலக்கியம் மொத்தம் 2381 பாடல்கள். முதல் முயற்சியிலேயே அத்தனையையும் எடுத்தால் மூச்சு முட்டும். குறுந்தொகை கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், பெரும்பாலும் 4 முதல் 8 அடி. ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு.

பாடல் எங்கே கிடைக்கும்

தட்டச்சு செய்த மின்பாடமே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகம் முழுதும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழை திருத்திக் கொடுத்த நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. குறுந்தொகையும் அதில் உண்டு. தமிழ் விக்கிமூலத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் சங்க நூல்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தீர்கள், அந்த மின்பாடம் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றியது என்று ஒரு கோப்பில் எழுதி வைப்பது. இதைத் தள்ளிப்போட்டவர்கள் ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

மின்பாடத்தை அப்படியே நம்ப வேண்டாம். பக்கத்தில் ஓர் அச்சுப் பதிப்பின் படிமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வந்தது. இம்மாதிரிப் பழம்பதிப்புகளின் படிமங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 40 பாடல்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலே அந்த மின்பாடத்தின் தரம் புரிந்துவிடும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. மூலப் பாடல் யாருக்கும் சொந்தமில்லை. உரை சொந்தமாக இருக்கலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு, இலங்கையில் 70 ஆண்டுகள். சாமிநாதையர் 1942இல் காலமானார், ஆகவே அவருடைய உரைக்கு இந்த இரண்டு கெடுவும் தாண்டிவிட்டன. அண்மைக்கால உரை ஒன்றை ஆய்வுக்குப் படிக்கலாம், அதை முழுமையாகத் தரவுக் கோப்பில் ஒட்டி வெளியிடக் கூடாது.

உங்கள் நூலுக்கு மின்பாடமே இல்லை என்றால்? அப்போது பக்கங்களைப் படமெடுத்து ஓசிஆர் எனப்படும் எழுத்துணரியில் ஓட்ட வேண்டும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் படிக்கும். கூகுள் டாக்ஸில் படத்தைத் திறந்தாலும் எழுத்தாக்கித் தரும். ஒளிவருடியில் 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். கைப்பேசியில் எடுப்பதானால் பக்கம் வளையாமல், நிழல் விழாமல், கைப்பேசியை ஒரு நிலையில் பொருத்தி எடுங்கள்.

பழைய அச்சில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'ணை', 'னை', 'ளை' ஆகியவை தும்பிக்கை போல மேலே வளைந்த கொம்போடு அச்சாயின. 'ணா', 'றா', 'னா' போன்றவையும் வேறு வடிவம். புதிய அச்சுக்குப் பழகிய எழுத்துணரி இங்கே தடுமாறும். நாம் தேடும் 'மாலை'யிலேயே அந்த 'லை' இருக்கிறது! எழுத்துணரி அதைத் தவறாகப் படித்தால் பாடலில் மாலை இருந்தும் உங்கள் கணக்கில் இருக்காது. ஆகவே 400 பக்கத்தையும் ஓட்டும் முன் ஐந்து பக்கம் ஓட்டி, நூறு எழுத்துக்கு எத்தனை பிழை என்று கையால் எண்ணிப் பாருங்கள். பிழை மிகுதி என்றால் தட்டச்சு செய்வதே விரைவு.

எழுத்து உள்ளே எப்படி இருக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக ஆசை வரும், தாண்டாதீர்கள்.

இன்று எல்லாரும் யூனிகோடில் எழுதுகிறோம். 'மாலை' நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு நான்கு: ம, கால், ல, ஐகாரக் குறி. பழைய டிஸ்கி, பாமினி போன்ற முறைகளில் ஐகாரக் குறியை மெய்க்கு முன்னால் சேமித்தார்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி. யூனிகோடில் மெய் முன்னால், குறி பின்னால். பழைய முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி சரியாக வேலை செய்யாவிட்டால் குறி இடம் மாறி, புள்ளி வட்டம் ஒன்று தோன்றும். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வரும் கோளாறும் பெரும்பாலும் இதே வகை.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. 'கௌ' என்பதை ஒருவர் ஔகாரக் குறியோடு அடித்திருப்பார், இன்னொருவர் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்திருப்பார். திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'க' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் '௧' வந்திருக்கலாம். 'கொ' என்பதையும் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும். இதை 'நார்மலைசேஷன்' என்ற ஒரு கட்டளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். 'ள' பிழையை அது சரிசெய்யாது, நீங்களேதான் தேடித் திருத்த வேண்டும். திருத்தும்போது மூலக் கோப்பில் கை வைக்காமல் நகலில் திருத்துங்கள்.

சீர் வேறு, சொல் வேறு

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். பலருக்கும் தெரிந்த 40ஆம் பாடலின் கடைசி அடியைப் பாருங்கள்:

அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

பதிப்புகளில் இடைவெளி விட்டிருப்பது சீர் கணக்கில். சொல் கணக்கில் அது 'தாம் கலந்தனவே'. 'கலந்தன' என்று தேடினால் கணினி "இல்லை" என்று சொல்லும். இந்தப் பாடலில் எல்லாம் கலப்பதைப் பற்றித்தான் பேச்சு, இருந்தும் கணினிக்கு அந்தச் சொல் தெரியாது. 'யாரா கியரோ' என்பதில் 'ஆகியர்' ஒளிந்திருக்கிறது. 32ஆம் பாடலில் 'ஊர்துஞ் சியாமமும்' என்று வரும். முழுச் சொல்லாக 'யாமமும்' தேடினால் அது கிடைக்காது, ஏனென்றால் கணினிக்கு அது 'சியாமமும்'.

ஆகவே சந்தி பிரித்த வடிவம் ஒன்று வேண்டும். தானாகப் பிரிக்கும் கருவிகளைச் சோதித்துப் பாருங்கள், ஆனால் சங்கப் பாடலுக்கு அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். உரை நூலைப் பக்கத்தில் வைத்துக் கையால் பிரிப்பதுதான் என் அனுபவத்தில் நிற்கிறது. நாளைக்குப் பத்துப் பாடல் என்றால் நாற்பது நாளில் குறுந்தொகை முடியும். அந்த நாற்பது நாளும் வீணில்லை. பாடலை அப்படி அடியடியாகப் பிரிக்கும்போதுதான் அது நமக்கு மனப்பாடம் ஆகிறது. நான் எழுதியவற்றில் உருப்படியான யோசனைகள் பெரும்பாலும் இந்த வேலையின் நடுவில் வந்தவை.

பிரிக்கும் முன் சில விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். 'மாலையும்' என்பதை அப்படியே விடுவதா, 'மாலை உம்' என்று பிரிப்பதா? எதுவும் செய்யலாம், 401 பாடலிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். 'செரீஇய', 'மராஅத்த' போன்ற அளபெடைகளை அப்படியே வைப்பதா, அளபெடை நீக்கிய வடிவத்தையும் பக்கத்தில் தருவதா? இரண்டு விதமாகப் பிரிக்க இடமுள்ள தொடர் வந்தால், நீங்கள் ஏற்றதை எழுதி, மற்றதைக் குறிப்பில் வையுங்கள். உரையாசிரியர்களே வேறுபடும் இடத்தில் நாம் சத்தமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு, பிறகு அந்தச் சாய்வையே கணினி கண்டுபிடித்த உண்மையாக எழுதிவிடக் கூடாது.

அட்டவணை

எக்செல் அல்லது லிபர்ஆபிஸ் கால்க் போதும். ஒரு பாடலுக்கு ஒரு வரிசை. பாடல் எண், புலவர், திணை, கூற்று (பாடலில் பேசுபவர் யார் என்பது), மூலப் பாடம், பிரித்த பாடம், குறிப்பு என்று நெடுவரிசைகள். மூலப் பாடம் இருக்கும் நெடுவரிசையை ஒருபோதும் திருத்தாதீர்கள். திணைப் பெயரும் கூற்றும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும், ஆகவே அவற்றை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதற்கும் ஒரு நெடுவரிசை.

சில எச்சரிக்கைகள். சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக, காற்புள்ளியால் பிரித்துச் சேமிக்கும் வடிவம்) எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் உடைந்து தெரியக்கூடும். 'இறக்குமதி' வழியாகப் போய், யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். '4-8' என்று அடிக்கணக்கு எழுதினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும், அந்த நெடுவரிசையை முதலிலேயே 'உரை' என்று அமைத்துவிடுங்கள். வரிசைப்படுத்தும்போது அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்த பிறகே வரிசைப்படுத்துங்கள். ஒருமுறை புலவர் பெயர் நெடுவரிசையை மட்டும் அகரவரிசையில் அடுக்கிவிட்டேன். பாடல்கள் அப்படியே நிற்க, புலவர்கள் எல்லாரும் இடம் மாறிவிட்டார்கள். அதைக் கவனிக்காமல் மூன்று வாரம் வேலை செய்து, அத்தனையும் வீணாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் வேலைக்கும் தேதியிட்ட ஒரு நகல் வைக்கிறேன். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. நீங்களும் அப்படியே வையுங்கள்.

தேடுவதும் எண்ணுவதும்

இப்போது மென்பொருள். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஆன்ட்காங்க். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கி இலவசமாகக் கொடுப்பது. பிரித்த பாடத்தைப் பாடலுக்கு ஒரு கோப்பாகச் சேமித்து, கோப்புப் பெயராகப் பாடல் எண்ணைக் கொடுங்கள். இடைவெளி விடாமல், 001, 002 என்று மூன்று இலக்கத்தில். அப்போதுதான் வரிசை குலையாது.

கோப்புகளை ஏற்றும் முன் ஓர் அமைப்பைச் சரிபாருங்கள். 'சொல் என்பது என்ன' என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதில் எழுத்துகளோடு 'குறி' வகையும் சேர்ந்திருக்க வேண்டும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் அந்த வகையில் இருக்கின்றன. அதைச் சேர்க்காவிட்டால் 'மாலை' இரண்டு துண்டாக உடைந்து, சொற்பட்டியல் முழுக்க 'ம', 'ல' என்று வரும். பைத்தானில் நிரல் எழுதுபவர்களுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது: அதனோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியில் சொல்லெழுத்துக் குறியீடு தமிழ் உயிர்க்குறிகளைச் சேர்த்துக்கொள்ளாது.

தேடும்போது இன்னொரு நுணுக்கம். 'யாமம்' என்று புள்ளியோடு தேடினால் 'யாமமும்' கிடைக்காது, அங்கே கடைசி 'ம்' 'மு' ஆகிவிட்டது. புள்ளியை எடுத்துவிட்டு 'யாமம' என்று, சொல்லின் தொடக்கமாகத் தேடுங்கள். 'மாலை'க்கு இந்தத் தொல்லை இல்லை; 'மாலையும்', 'மாலைக்கு' எல்லாம் அதே நான்கு குறிகளில் தொடங்குகின்றன.

தேடியதும் சொல் நடுவிலும், முன்னும் பின்னும் உள்ள சொற்கள் இரு பக்கமும் அடுக்கடுக்காக வந்து நிற்கும். இதற்குப் பெயர் சொற்சூழல் பட்டியல். முன்னால் உள்ள சொல்லின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். 32ஆம் பாடலிலும் 387ஆம் பாடலிலும் 'கையறு மாலை' பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்று அள்ளூர் நன்முல்லையார் பாடியது, மற்றது கங்குல் வெள்ளத்தார் பாடியது. ஒன்று குறிஞ்சி, மற்றது முல்லை. 46இல் 'புன்கண் மாலை', 118இல் 'நாரில் மாலை'. செயலற்றுப் போவது, துன்பம், அன்பில்லாமை என்று மாலைக்கு முன்னால் என்னென்ன அடைகள் வருகின்றன என்பது ஒரே பார்வையில் தெரியும். புத்தகத்தைப் புரட்டியும் இதைக் காணலாம், ஆனால் 401 பாடலையும் ஒரே நேரத்தில் கண்முன் நிறுத்த முடியாது. எனக்குக் கணினி மேல் பிடிப்பு வந்ததே இந்தக் காட்சியைப் பார்த்த நாளில்தான்.

இனி ஒவ்வொரு வரியாகப் போய்ப் பொருள் குறிக்க வேண்டும். 'மாலை' பொழுதாக இருக்கலாம், பூமாலையாக இருக்கலாம், தன்மை என்ற பொருளிலும் வரலாம். ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. அட்டவணையில் 'பொழுது', 'பூ', 'தன்மை', 'ஐயம்' என்று நான்கு குறி போதும். 'ஐயம்' என்ற குறியை வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

பிறகு எண்ணிக்கை. எதை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்: சொல்லையா, பாடலையா? மிளைப்பெருங்கந்தனார் பாடிய 234ஆம் பாடலில் 'மாலை' மூன்று முறை வருகிறது. சூரியன் போய் வானம் சிவந்து முல்லை பூக்கும் நேரத்தை மாலை என்பவர்கள் மயங்கியவர்கள், துணையில்லாதவர்களுக்கு விடியலும் மாலைதான், பகலும் மாலைதான் என்கிறாள் தலைவி. சொல் கணக்கில் மூன்று, பாடல் கணக்கில் ஒன்று. அதிலும் பின்னிரண்டு 'மாலை' மாலைப்பொழுதே இல்லை! இலக்கணம் முல்லைக்கு வகுத்த பொழுதை அப்படியே சொல்லிவிட்டு, அதைத் தன் துயரத்தால் மறுக்கிறாள். இதை 'முல்லைத் திணையில் மாலை: 3' என்று அட்டவணையில் போட்டுவிட்டு நகர்ந்தால், நாம் பாடலைப் படிக்கவில்லை என்று அர்த்தம். 32இல் காலை, பகல், மாலை, யாமம், விடியல் என்று ஐந்து பொழுதும் பட்டியலாக வருகின்றன. அங்கே மாலை காட்சியில்லை, ஐந்தில் ஒன்று. ஆகவே 'காட்சி', 'பட்டியல்', 'உருவகம்' என்று இன்னொரு நெடுவரிசை வேண்டியதாகிறது. இப்படிப் பாடலே நெடுவரிசையைக் கேட்கும்போது கொடுங்கள். முன்கூட்டியே முப்பது நெடுவரிசை போட்டு வைக்காதீர்கள்.

அடுத்து, சொல் இல்லாமலே பொருள் இருக்கும் இடங்கள். தாமோதரனார் பாடிய 92ஆம் பாடல் ஞாயிறு மறைந்த வானத்தில் குஞ்சுகளுக்கு இரை கொண்டு விரையும் பறவைகளைக் காட்டுகிறது. முழுக்க முழுக்க மாலைக் காட்சி, ஆனால் 'மாலை' என்ற சொல் கிடையாது. உங்கள் தேடல் இதைத் தொடவே தொடாது. அதனால் கிடைத்த பாடல்களைப் படித்து, மாலையோடு கூட வரும் சொற்களைச் சேகரியுங்கள்: எல், எல்லை கழிதல், ஞாயிறு படுதல், சுடர், ஆம்பல் கூம்புதல், முல்லை மலர்தல். அவற்றைத் தேடுங்கள். புதிதாகக் கிடைத்தவற்றைப் படித்து மறுபடியும் சேகரியுங்கள். இரண்டு மூன்று சுற்றில் பட்டியல் நிறைந்துவிடும். அப்புறமும் 401 பாடலையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுங்கள். குறுந்தொகை அளவுக்கு அது முடிகிற காரியம்தான்.

எல்லாம் ஆனபின் திணைவாரியாகத் தொகுத்தால், முல்லைக்கு வெளியேயும் மாலை தாராளமாக நடமாடுவதைக் காண்பீர்கள். 46 மருதம், 92, 118, 122 மூன்றும் நெய்தல். கேள்வியின் இரண்டாம் பாதி இங்கே தொடங்குகிறது: நெய்தல் மாலையும் முல்லை மாலையும் ஒரே மாலைதானா? அதற்கு விடை எழுதும் வேலை உங்களுடையது.

குறுந்தொகையை அகநானூற்றோடு ஒப்பிட விரும்பினால் வெறும் எண்ணை ஒப்பிடாதீர்கள். அங்கே ஒரு பாடல் 13 முதல் 31 அடி. ஆயிரம் அடிக்கு எத்தனை என்று மாற்றிய பிறகே ஒப்பிடலாம்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அட்டவணைச் சூத்திரம் எழுதவும், சின்ன நிரலில் பிழை பார்க்கவும் அவை உதவும். "குறுந்தொகையில் மாலை வரும் பாடல்களைச் சொல்" என்று மட்டும் கேட்டு நம்பிவிடாதீர்கள். இல்லாத அடியையும் தவறான பாடல் எண்ணையும் சங்க நடையிலேயே எழுதித் தந்துவிடும். ஒரு மாணவியின் கட்டுரையில் அப்படி வந்த ஓர் அடியைத் தேடி நானும் அவளும் ஒரு மதியம் முழுதும் உட்கார்ந்திருந்தோம்.

இலக்கியம் தாண்டி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ்கள், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்கள் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது. இலங்கைத் தமிழர் பற்றிய ஆய்வென்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையதளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த மண்ணிலிருந்து வந்த முயற்சி அது, தன்னார்வலர்கள் உழைப்பில் வளர்ந்தது. அங்கே ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திறக்கும்போதுகூட எனக்கு அந்த நினைவு வரும். சைவ ஆகமச் சுவடிகளுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்.

கல்வெட்டு, கோயில், ஊர் சார்ந்த கேள்விகளுக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். பழைய ஊர்ப் பெயரை இன்றைய ஊரோடு பொருத்துவதுதான் அங்கே சந்தி பிரிப்பது போன்ற வேலை. நாட்டார் பாடல், வாய்மொழி வரலாறு என்றால் ஒலியோடு எழுத்தை இணைக்க ஈலான் என்ற மென்பொருள் இருக்கிறது. பாடியவரிடம் பதிவை எங்கே வைக்கப் போகிறீர்கள், யார் கேட்பார்கள் என்று அவர் பேச்சிலேயே விளக்கிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, அந்தச் சம்மதத்தையும் பதிவு செய்யுங்கள். நூற்குறிப்புகளைச் சேர்த்து வைக்க எல்லாருக்கும் ஜொடேரோ என்ற மென்பொருள்.

தரவை வெளியிடுதல்

கட்டுரை எழுதியதும் வேலை முடிந்துவிடவில்லை. நாற்பது நாள் பிரித்த பாடம் உங்கள் கணினியோடு மறைந்துவிடக் கூடாது. ஜெனோடோ என்ற களஞ்சியம் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது, இலவசம். கோப்பை ஏற்றினால் நிலையான எண் ஒன்று கிடைக்கும், மற்றவர்கள் அதை மேற்கோள் காட்டலாம். அட்டவணையை சிஎஸ்வியாகவும், பிரித்த பாடத்தை வெறும் உரைக் கோப்பாகவும் ஏற்றுங்கள். எந்த மென்பொருள் போனாலும் அவை திறக்கும். கூடவே ஒரு விளக்கக் கோப்பு: எந்தப் பதிப்பு, என்ன பிரிப்பு விதிகள், எந்தக் குறிக்கு என்ன பொருள், எவை ஐயமாக விடப்பட்டன.

அந்த விளக்கக் கோப்பில் உதவியவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள், அவர்கள் சம்மதித்தால். பூசாவின் அட்டைகளில் துளையிட்டுத் தரவு ஏற்றியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பல காலம் அவர்கள் பெயர் எங்கும் பதிவாகவில்லை, பின்னால் வந்த ஆய்வாளர்கள்தான் பழைய புகைப்படங்களை வைத்து அவர்கள் யார் என்று தேட வேண்டியிருந்தது. உங்கள் மின்பாடத்தைத் தட்டச்சு செய்த தன்னார்வலர் பெயர் அந்தக் கோப்பின் தலைப்பிலேயே இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள். பாடல்களைச் சரிபார்த்துக் கொடுத்த தோழி, ஐயம் தீர்த்து வைத்த ஆசிரியர், படமெடுக்க உதவிய நூலகர் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியான பிறகு யாராவது எழுதுவார்கள்: "இந்தப் பாடலில் பிரிப்பு தவறு." பார்த்து, சரியென்றால் திருத்தி, பதிப்பு 2 என்று ஏற்றுங்கள். என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று விளக்கக் கோப்பில் ஒரு வரி சேருங்கள். பழைய பதிப்பை அழிக்க வேண்டாம், அதை ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்கள் இருப்பார்கள்.